தலைகீழாகத் தொங்கும் பம்பரம்: லேத்தில் கிறிஸ்துமஸ் தொங்கல்கள் கடைவது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை கடை வாசல்களில் காகித நட்சத்திரங்களும் பிளாஸ்டிக் உருண்டைகளும் ஆட ஆரம்பித்துவிடும். அந்த உருண்டைகளை மரத்திலேயே செய்துகொள்ளலாம். தையல் மெஷின் வைக்கிற அளவு இடமும் மரத்தைச் சுழற்றிக் கடைகிற ஒரு சின்ன லேத் இயந்திரமும் போதும். வடிவத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். சின்ன வயதில் பம்பரம் விட்டவர்களுக்கு அது பழகிய வடிவம்தான். பம்பரத்தின் ஆணியைப் பிடுங்கிவிட்டுத் தலைகீழாக நூலில் கட்டினால் தொங்கல் தயார். மிச்சமெல்லாம் நுணுக்கம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் வேலையை டிசம்பரில் ஆரம்பிக்கக் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரம் இடையிடையே கொஞ்சம் விட்டு விட்டு டிசம்பர் வரை நிற்கும். மரம் காய்வதற்கு நமக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரைதான். அந்த மாதங்களில் மரத்தைச் சேர்த்து உலர்த்தி, மழை இடைவெளிகளில் கடைந்து, அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வருமுன் பாலிஷ் வேலையையும் முடித்துவிட்டால் டிசம்பரில் நிம்மதியாக இருக்கலாம்.

எந்த மரம்?

காசு கொடுத்து நல்ல தேக்கு வாங்கிப் பழகாதீர்கள். பழகும்போது பாதி மரம் சுருளாகத் தரையில் விழும், கால்வாசி உடையும். நம்மைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள்தானே. பால் வற்றிய மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்வார்கள். ரப்பர் தடி வெளிர் மஞ்சளாக, உளிக்கு இசைவாக இருக்கும், ரேகையும் அடக்கமானது. ஒரே தொல்லை, அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டி ஓரிரு நாளில் அறுத்து போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தாவிட்டால் முதலில் நீலப் பூசணம் படரும், பிறகு மரத்தைத் துளைத்து மாவாக்கும் உளு வண்டு பிடிக்கும். பலாவில், தேக்கில் உளு ஓரத்து வெள்ளைப் பகுதியோடு நின்றுவிடும், நடுவில் இருக்கும் வைரத்தைத் தொடாது. ரப்பரில் வெள்ளை வேறு, வைரம் வேறு என்ற பிரிவே தெளிவாகக் கிடையாது. முழுக்கட்டையும் அதற்குச் சாப்பாடுதான்.

என் கதை இதுதான். லேத் வாங்கிய முதல் வருடம் ஒரு மில்லில் இருந்து ரப்பர்த் துண்டுகள் வாங்கினேன். "மருந்து ஏற்றியதுதான்" என்றார்கள், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. நவம்பரில் 40 மணிகள் கடைந்து எங்கள் ஆலயத்துக் குடிலுக்குக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் குடிலைப் பார்க்கப் போனபோது பாலன் இயேசுவின் வைக்கோல்மேல் வெள்ளை மாவு தூவியதுபோல் கிடந்தது. பனி மாதிரி யாரோ பவுடர் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் மணிகளில் குண்டூசித் தலை அளவில் துளைகள். அதற்குப் பிறகு பதப்படுத்தியது என்று உறுதியாகத் தெரியாத ரப்பர்த் துண்டு எதையும் நான் வாங்குவதில்லை.

ரப்பரை விட்டால் பலா நல்லது. புதிதாக வெட்டிய பலா மஞ்சள் பூசியதுபோல் இருக்கும், வெளிச்சம் படப்பட வருடக் கணக்கில் தேன் நிறமாகி அப்புறம் பழுப்பாகும். பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க் கொட்டாரத்துப் பலாமரத் தூணைப் பார்த்தவர்களுக்கு இந்த மரம் எவ்வளவு நுணுக்கத்தைத் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சணத்தி, மா, பூவரசு மூன்றும் கடைசலுக்கு ஏற்றவை. கொய்யா மரத்தை ஆட்கள் விறகுக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நெருக்கமான மரம், 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்தாலும் முறியாமல் நிற்கும். புளி கடினம், உளியை மழுக்கிவிடும். தென்னை பழகியவர்களுக்குத்தான், நார் நாராகப் பிய்யும். அரளியைத் தொடவே வேண்டாம், அது நச்சு மரம், தூள்கூட ஆகாது.

துண்டுகளை 6 சென்டிமீட்டர் சதுரத்தில், 15 சென்டிமீட்டர் நீளத்தில் அறுத்து, இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் வெடிப்பு விழும். நிழலில், காற்றோட்டமாக, இடையில் குச்சி கொடுத்து அடுக்குங்கள். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசு போதும். ஒரு துண்டை எடுத்து எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மூன்று வாரம் எடை அசையவில்லை என்றால் நம் ஊர்க் காற்றுக்கு அது காய்ந்த மரம்.

லேத்தும் உளிகளும்

லேத் வாங்குவதற்கு முன், கட்டில் காலும் மாடிப்படித் தூணும் கடைகிற பட்டறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து, ஒருநாள் அங்கே போய் நில்லுங்கள். நான் தக்கலைப் பக்கம் ஒரு பட்டறையில் மூன்று ஞாயிறு நின்றேன். முதல் ஞாயிறு உளியைத் தொடவிடவில்லை. இரண்டாவது ஞாயிறு என் கையைப் பார்த்துவிட்டு அந்த மூத்தாசாரி சொன்னார்: "மக்கா, மரம் சுத்துதுல்லா? நீ எதுக்குத் தள்ளுக? உளிய சும்மா காட்டு, அது வந்து வெட்டிக்கிடும்." மர லேத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தொங்கல்களுக்கு மேசைமேல் வைக்கிற அரைக் குதிரைத்திறன் மினி லேத் தாராளம். மோட்டார் இருக்கும் பக்கம் ஹெட்ஸ்டாக், எதிரே நகர்த்தக்கூடியது டெயில்ஸ்டாக், நடுவில் உளியைச் சாய்க்கும் டூல் ரெஸ்ட். வேகத்தை மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும். மரத்தை ஒரு பக்கம் மட்டும் கவ்விப் பிடிக்க நான்கு தாடைச் சக் ஒன்று, டெயில்ஸ்டாக்கில் மாட்ட ஒரு டிரில் சக். எர்த் இணைப்பைச் சரிபார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

உளிகள் நான்கு போதும். சதுரக் கட்டையை உருட்டாக்கும் பெரிய குழி உளி, வளைவுகளுக்குச் சிறிய குழி உளி, பிரித்தெடுக்கும் ஒல்லியான வெட்டு உளி, சுரண்டுவதற்கு வட்டமுனை உளி. சாய்வு உளியைப் பற்றி நிறையப் பேர் பெருமையாகப் பேசுவார்கள். சரியாகப் பிடித்தால் உப்புத்தாளே வேண்டாம் என்கிற அளவுக்கு வழவழப்பு வரும், உண்மைதான். தவறாகப் பிடித்தால் மரத்தில் திருகாணிபோல் ஒரு பள்ளம் இழுத்துவிட்டுப் போகும். ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹை ஸ்பீடு ஸ்டீல் உளியாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண எஃகைச் சாணைக்கல்லில் சூடாக்கினால் நீலம் பாய்ந்து கூர் நிற்காது, இதற்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அரத்தின் எஃகு மொறுமொறுப்பானது, சுற்றும் மரம் இழுத்தால் கண்ணாடிபோல் உடைந்து தெறிக்கும்.

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேட்டி, கைலி, தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் லேத் பக்கம் ஆகாது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவையுங்கள், மோதிரத்தையும்தான். முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்குமேல் இறுக்கமாகச் சுருட்டுங்கள். கையுறை பாதுகாப்பு என்று தோன்றும். லேத்தில் அதுதான் ஆபத்து, துணி மாட்டினால் கையையும் இழுத்துக்கொள்ளும். முகம் முழுக்க மூடும் கண்ணாடித்திரை, உப்புத்தாள் போடும்போது தூசுக்கு மாஸ்க், இரண்டும் எப்போதும்.

சதுரத்தை உருட்டாக்குவது

துண்டின் இரு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டால் நடுப்புள்ளி கிடைக்கும். அதில் ஆணியால் சிறு குழி அடித்து, ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக் இரண்டின் முனைகளுக்கும் நடுவில் இறுக்கிப் பிடியுங்கள். டூல் ரெஸ்டை மரத்தின் மூலைகளில் இருந்து சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளி, நடுப்புள்ளி உயரத்துக்கு வைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கக் கூடாது. சுவிட்ச் போடும்போது மரத்துக்கு நேராக நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று.

இனி அந்த மூத்தாசாரி சொன்ன "காட்டுவது". உளியின் கைப்பிடியைத் தாழ்த்தி, தண்டை முதலில் டூல் ரெஸ்டில் சாயுங்கள். அப்புறம் உளி முனையின் சாய்ந்த முதுகு சுற்றும் மரத்தைத் தொடட்டும். இப்போது ஒன்றும் வெட்டாது, உரசும் சத்தம் மட்டும் கேட்கும். கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் சுருள் வரத் தொடங்கும். அந்தக் கோணத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். முதுகு மரத்தில் படிந்திருக்கும்வரை உளி உங்கள் பேச்சைக் கேட்கும். முதுகு விலகி வெறும் முனை மட்டும் பட்டால் அடுத்த நொடி கொத்திவிடும். "டக்" என்ற சத்தம், மரத்தில் ஒரு பெயர்ச்சி, உங்கள் நெஞ்சில் ஒரு அடி. எல்லாருக்கும் நடக்கிறதுதான். லேத்தை நிறுத்தி, மூச்சு விட்டு, மரம் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

இன்னொரு விதி: எப்போதும் மேட்டில் இருந்து பள்ளத்துக்கு. பெரிய விட்டத்தில் தொடங்கிச் சிறிய விட்டத்தை நோக்கி வெட்டினால் நார் படிந்து வெட்டுப்படும். பள்ளத்தில் இருந்து மேலே ஏறினால் நார் நிமிர்ந்து பிய்யும். ஒரு மணி வடிவத்துக்கு இரு பக்கமும் சரிவு என்றால், உச்சியில் இருந்து இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை.

உருட்டு வந்ததும் ஒரு முனையில் சக் பிடிப்பதற்குக் குடுமி வெட்டுங்கள். கதவுக் குடுமி மாதிரிதான், நீளம் 8 மில்லிமீட்டர் போதும். சக்கின் தாடைகள் கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது பிடிக்கிற விட்டம் எதுவோ அதுதான் உங்கள் குடுமியின் விட்டம், உங்கள் சக்கை அளந்து எழுதி வையுங்கள். குடுமியின் தோள் தட்டையாகத் தாடைமேல் உட்கார வேண்டும். பலரும் குடுமியின் நுனி சக்கின் அடியைத் தொட்டால் சரி என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. தோள் உட்காராத மரம் ஆடும், ஆடுகிற மரம் பறக்கும்.

முதல் வேலை: மணி

உருண்டையில் தொடங்காதீர்கள். மணியில் தொடங்குங்கள். கோணல் வந்தாலும் மணி மணியாகத்தான் தெரியும். உருண்டையில் அரை மில்லிமீட்டர் பிசகு ஊருக்கே தெரியும்.

உயரம் 5 சென்டிமீட்டர், வாய் விட்டம் 4 சென்டிமீட்டர். குடுமியைச் சக்கில் பிடித்து, மணியின் வாய் டெயில்ஸ்டாக் பக்கம் வருமாறு வையுங்கள். வாயை முதலில் குடையுங்கள், வெளி வடிவம் அப்புறம். கட்டை தடிமனாக இருக்கும்போதுதான் குடைவதைத் தாங்கும். டெயில்ஸ்டாக்கில் 10 மில்லிமீட்டர் டிரில் மாட்டி, 500 சுற்றுக்குள் வேகத்தைக் குறைத்து, 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிடுங்கள். இடையிடையே வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு டூல் ரெஸ்டை வாய்க்கு நேராகத் திருப்பி, சிறிய குழி உளியால் துளையில் இருந்து வெளிநோக்கி இழுத்து வாயை விரியுங்கள். விளிம்பு கனம் 3 மில்லிமீட்டர் வரை வரலாம். முதல் முறை 5 இருந்தாலும் போதும்.

வெளிப்பக்கத்துக்கு வேகம் 1800 வரை ஏற்றலாம். விளிம்பில் ஒரு மெல்லிய மேடு, அதன்மேல் ஒரு ஓடை, இடுப்பு குறுகி, தோள் உருண்டு, உச்சியில் ஒரு சிறு மணிமுத்து. கோவில் மணியோ ஆலய மணியோ, ஒன்றைப் போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து கடையுங்கள். நினைவில் இருந்து கடைகிற மணி பெரும்பாலும் டம்ளராகிவிடும்.

லேத்தில் இருக்கும்போதே உப்புத்தாள். 120, 180, 240, 320 என்ற வரிசையில், வேகத்தைப் பாதியாகக் குறைத்து, டூல் ரெஸ்டை அகற்றிவிட்டு. தாளை மரத்தின் அடிப்பக்கமாகப் பிடியுங்கள், சுற்றிக் கட்டிப் பிடிக்காதீர்கள். ஒரு எண்ணைத் தாண்டிப் போனால் முந்தைய கீறல் கடைசிவரை நிற்கும். பாலிஷ் போட்ட பிறகு அதுதான் முதலில் கண்ணில் படும்.

கடைசியாக உச்சியை வெட்டு உளியால் 6 மில்லிமீட்டர் வரை குறுக்கி, லேத்தை நிறுத்திவிட்டு, சின்னப் பல் ரம்பத்தால் அறுத்தெடுங்கள். சுற்றும்போதே வெட்டி இடக்கையில் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது வருடக் கணக்கில் பழகிய கை.

மணிக்கு நாக்கு வேண்டுமே. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்தது மஞ்சாடிக்குரு, மஞ்சாடி மரத்து விதை. சிவப்பும் பளபளப்புமாக அளவெடுத்ததுபோல் இருக்கும். 1 மில்லிமீட்டர் டிரில்லால் துளைத்து நூல் கோக்கலாம். குன்றிமணியும் சிவப்புதானே என்று அதைக் கோத்துவிடாதீர்கள். அது விஷம், அதிலும் துளையிட்டால் ஓட்டுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும். வீட்டில் குழந்தை இருந்தால் நினைத்தே பார்க்கக் கூடாது.

இரண்டாவது: பனி ஊசி

மேல்நாட்டுக்காரர்கள் கூரையில் உறைந்து தொங்கும் பனிக்கூர்களைப் பார்த்து இந்த வடிவத்தைச் செய்கிறார்கள். நமக்குப் பனிக்கூர் எங்கே? ஓட்டு விளிம்பில் சொட்டும் மழைநீரைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். நீளம் 12 சென்டிமீட்டர், மேலே 2 சென்டிமீட்டர் விட்டம், கீழே வரவர மெலிந்து நுனியில் 3 மில்லிமீட்டர். மரம் கொய்யா அல்லது பூவரசு.

வரிசை மட்டும்தான் இதில் முக்கியம். நுனி டெயில்ஸ்டாக் பக்கம். அங்கிருந்து 3 சென்டிமீட்டர் பகுதியை முழுதாகக் கடைந்து, உப்புத்தாளும் போட்டு முடித்த பிறகே அடுத்த 3 சென்டிமீட்டருக்கு நகருங்கள். முடித்த பகுதிக்குத் திரும்பிப் போகாதீர்கள். மெலிந்த மரம் உளி பட்டதும் வில்லாக வளைந்து துள்ளும், அப்புறம் முறியும். "இந்த இடத்தை மட்டும் கொஞ்சம்" என்று திரும்பிப்போய் நான் முறித்த ஊசிகளை எண்ணினால் ஒரு சவுக்கு மரத்தை அலங்கரிக்கலாம். இடக்கை விரலை மரத்தின் பின்பக்கம் லேசாக வைத்துத் தாங்கினால் துள்ளல் குறையும். விரல் சுட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

மூன்றாவது: உருண்டை

இங்கே எடைக் கணக்கு வருகிறது. நம் பக்கம் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்பது வெட்டி நட்ட சவுக்குக் கிளைதான், காற்றாடி மரம் என்றும் சொல்வோம். அதன் நுனி நூல்போல் இருக்கும். 55 மில்லிமீட்டர் விட்டத்தில் முழு ரப்பர் உருண்டை ஏறக்குறைய 52 கிராம், கிளை தலைகுனிந்துவிடும். நடுவில் 25 மில்லிமீட்டர் துளையை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போட்டால் 37 கிராம். உள்ளே முழுவதும் குடைந்து 4 மில்லிமீட்டர் ஓடாக்கினால் 20 கிராம்.

புதியவர்கள் குடையப் போக வேண்டாம், துளையே போதும். சிறு வாய்க்குள் வளைந்த உளியை விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் வெட்டுவது வேறு வித்தை. துளையின் இரு வாயையும் வேறு நிற மரத்தில் கடைந்த மூடிகளால் அடைத்துவிட்டால் உள்ளே குடைந்ததா துளைத்ததா என்று யாருக்கும் தெரியாது.

உருட்டை 55 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுவந்து, 55 மில்லிமீட்டர் நீளத்தைக் குறித்து, நடுவில் பென்சில் கோடு. முதலில் துளையை முடித்துவிடுங்கள். அகலத் துளை போடும் 25 மில்லிமீட்டர் ஃபோர்ஸ்ட்னர் பிட், 500 சுற்று, அடிக்கடி வெளியே எடுத்துத் தூள் தட்டி. துளை குறித்த நீளத்தைத் தாண்டிச் சக் பக்கம் கொஞ்சம் போக வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி கட்டையை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு துளை வாயில் ஒரு கூம்புக் கட்டையைச் செருகி டெயில்ஸ்டாக்கால் தாங்குங்கள்.

இனி உருண்டை. இரு முனையில் இருந்தும் 16 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போடுங்கள். நடுவில் 23 மில்லிமீட்டர் பட்டை மிஞ்சும். அந்தக் கோட்டில் இருந்து முனைக்கு நேர்ச்சரிவாக வெட்டி, முனையில் 23 மில்லிமீட்டர் விட்டம் வரும் இடம்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் துளை 25 என்பதால் சரிவு துளையின் விளிம்பில் முடியும், சரியாகவே இருக்கும். இப்போது பக்கவாட்டில் பார்த்தால் எண்கோணத்தின் பாதி தெரியும். மிச்சமிருக்கும் மூலைகளை மட்டும் உருட்டுங்கள். நடுக்கோட்டைக் கடைசிவரை தொடாதீர்கள். பென்சில் கோடு அழிந்தால் உருண்டை சிறுத்துவிட்டது என்று பொருள்.

உருண்டைதானா என்று பார்க்க ஒன்றேகால் இஞ்ச் பிவிசி குழாயில் ஒரு துண்டு நேராக அறுத்து வையுங்கள், குழந்தை வளையலும் உதவும். லேத்தை நிறுத்திவிட்டு அதை உருண்டைமேல் எங்கே வைத்தாலும் விளிம்பு முழுக்கப் படிய வேண்டும். வெளிச்சம் தெரிகிற இடம் பள்ளம், விளிம்பு படிகிற இடம் மேடு.

மேல் மூடி 25 மில்லிமீட்டர் குடுமியோடு ஒரு குட்டிக் குமிழ். கீழே அதேபோல் குடுமியோடு 6 அல்லது 7 சென்டிமீட்டர் ஊசி. ரப்பர் உருண்டைக்குப் பூவரசு மூடி எடுப்பாக இருக்கும். குடுமி இறுக்கமாக இருக்க வேண்டாம், மழைக்காலத்தில் மரம் பருத்தால் உருண்டை வெடிக்கும். காகிதம் நுழையும் அளவு விட்டு மரப்பசை வையுங்கள். மூடுவதற்கு முன் துளையின் உட்சுவரிலும் பாலிஷ் தடவுங்கள். உளு வண்டு முட்டையிடுவது பூசாத மரத்தின் நுண்துளையில்தான்.

பளபளப்பு

என் விருப்பம் தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைப்பது உங்களுக்குத் தெரியும். ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது பூவைவிடத் தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்புக்குத்தான் தேனீ வருகிறது. பெட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் மெழுகு கிடைக்கும். ரப்பர் மரத்துக்கு ரப்பர்த் தோட்டத்து மெழுகு, பொருத்தம்தானே! சுற்றும் மரத்தில் மெழுகுக் கட்டியை அழுத்திப் பூசி, பிறகு டிஷ்யூ காகிதத்தை அழுத்திப் பிடித்தால் உரசல் சூட்டில் உருகி ஏறிவிடும். துணி வேண்டாம். காகிதம் மாட்டினால் கிழியும், துணி மாட்டினால் விரலோடு போகும்.

நிறம் வேண்டுமென்றால் அரக்கு. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் மின்னுகிறதே, அது சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்தி, சூட்டில் உருக வைப்பது. சன்னபட்னா பொம்மைக்காரர்கள் அதன்மேல் தாழை மடலை அழுத்தி வழவழப்பாக்குவார்கள். தாழை நம் கடற்கரை ஓரத்திலும் வளர்கிறது, முள்ளைச் சீவிவிட்டு முயன்று பாருங்கள். முதல் நாள் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் போடுகிறவர்கள் மழை நாளைத் தவிர்க்க வேண்டும். ஈரக்காற்றில் பூசினால் வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிடும்.

தொங்கவிட, உச்சியில் 1 மில்லிமீட்டர் துளை போட்டுச் சிறிய பித்தளை வளையக் கொக்கியைத் திருகுங்கள். துளை போடாமல் திருகினால் குமிழ் பிளக்கும். இரும்புக் கொக்கி மலிவுதான். ஆனால் குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஒரே சீசனில் அதைத் துருவாக்கி, பாலிஷில் பழுப்புக் கறை இறக்கிவிடும். நூலுக்கு, நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டில் இருந்து லேஸ் பின்னும் வழக்கம் உண்டு. வீட்டில் பாட்டியோ சித்தியோ பின்னுகிறவர்களாக இருந்தால் அவர்களிடம் ஒரு வெள்ளைச் சரடு கேட்டு வாங்குங்கள். மரத்துக்கும் அதற்கும் அழகாகச் சேரும்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலைக் கலைக்கும்போது ஒவ்வொரு தொங்கலையும் கறுப்புத் துணிமேல் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் செய்தித்தாளில் சுற்றி, மூடி இறுகிய டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றலாம். வெள்ளை மாவு விழுந்தால் அந்தத் தொங்கல் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அடுப்பில் போட்டுவிடுங்கள், மற்றவற்றோடு டப்பாவில் வைக்காதீர்கள்.